தலையிடாமை யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இப்போது பழஞ்சீன ஞானி லாவோட்சு அடிக்கடி வருகிறார். 'சும்மா இருப்பதே சிறந்த தலைமை' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் சீனத்தில் அவர் வழியான தாவோ அரசியலை, அதாவது மக்களை அவர்கள் போக்கில் விடும் ஆட்சியை, நடத்திப் பார்த்த காலம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

பெரிய நாட்டை ஆள்வது சிறு மீன் சமைப்பது போல என்கிறது அவர் பெயரில் வழங்கும் 'தாவோ தே ஜிங்' நூலின் 60ஆம் பகுதி. நெத்திலியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தால் சதை உதிர்ந்து முள்தான் மிஞ்சும் என்பது நம் ஆச்சிகளுக்குத் தெரியாததல்ல. அதற்காக அடுப்பையே மூட்டாதே என்று லாவோட்சு சொல்லவில்லை.

கி.மு. 193இல் சீனத்தின் ஹான் பேரரசில் தலைமை அமைச்சரான சாவ் ஷென், தமக்கு முன்பிருந்தவர் வகுத்த சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டார். பழைய பதவியை விட்டுக் கிளம்பும்போது அடுத்து வருபவரிடம் அவர் சொன்னது, சிறையையும் சந்தையையும் கலைக்காதே என்பது. ஆனால் ஆள் எடுப்பதில் அவர் சும்மா இருக்கவில்லை. வாய்ச்சாமர்த்தியம் இல்லாத, நிதானமான மூத்தவர்களைச் சேர்த்தார். சட்ட வாசகத்தைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டு பேர் வாங்க அலைந்தவர்களை வெளியே அனுப்பினார். இன்றைய அலுவலகங்களுக்கு இது ஒன்றே போதும்.

பின்னால் வந்த வென் பேரரசர் கி.மு. 167இல் நிலவரியை நீக்கினார். அவர் மகன் காலத்தில் வரி திரும்பியபோதும் விளைச்சலில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கறுப்பது, பாதம் வெட்டுவது போன்ற தண்டனைகளையும் வென் ஒழித்தார் (பதிலுக்கு வந்த கசையடியில் பலர் செத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்).

சறுக்கியது வேறிடத்தில். கி.மு. 175இல் நாணயம் அடிக்கும் உரிமையை இதே வென் தனியாருக்குத் திறந்துவிட்டார். செம்பு மலையும் உப்புக் கடலும் கைவசம் இருந்த, பேரரசுக்கு உட்பட்ட வூ நாட்டு மன்னன் லியூ பீ பணத்தைக் குவித்தான். கி.மு. 154இல் அவன் நிலத்தைக் குறைக்க அரசு முனைந்ததும் ஏழு நாடுகள் சேர்ந்து கிளர்ந்தன. உழவனை அவன் போக்கில் விடுவது வேறு, வலுத்தவனை அவன் போக்கில் விடுவது வேறு. தோன்றும் முன்பே கவனி, குழம்பும் முன்பே ஒழுங்கு செய் என்று 64ஆம் பகுதியிலேயே இருக்கிறதே!

செட்டிநாட்டில் இதைப் பார்க்க ஊருணிக் கரைக்குப் போனால் போதும். தெருச்சரிவும் வரத்துக்காலும் மழைத்தண்ணீரை ஊருணியில் சேர்க்கும்படி அமைந்த ஊர்கள் இவை. நாம் செய்வது நேர்தலைகீழ். வரத்துக்காலை அடைத்துக் கட்டடம் எழுப்புகிறவரிடம் தலையிடுவதில்லை. நன்றாக இருக்கும் ஊருணியை 'மேம்படுத்த' ஓடுகிறோம். அடியிலும் பக்கங்களிலும் கான்கிரீட் போட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது, பக்கத்துக் கிணறுகள் வறளும். பாசனக் கண்மாயிலும் இதே கதைதான். கூடுதல் தண்ணீர் தேக்கலாம் என்று மிகுநீர் வழியும் கலுங்கை உயர்த்தினால், கண்மாயின் உட்புறத்தை ஒட்டிய உள்வாய் வயல் மூழ்கும். நீர்மட்டம் கரையின் தலையை நெருங்கி, பெருமழையில் உடைப்பெடுக்கும். சவுடு மண்ணைக் கரையடியில் தோண்டினால் கரையே சரியும்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது வரத்துக்காலை நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஆக்கிரமிப்பை அடித்தளம் போடும் நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். மடையையும் கலுங்கையும் பழைய மட்டத்திலேயே பழுது பார்த்தால் போதும். ஐப்பசி மழை வந்தபின் தண்ணீர் திறப்பை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் ஊர் ஆளான நீர்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். அதில் அலுவலகம் நுழைய வேண்டாம்.

மக்களை அறியாமையில் வைப்பதே நல்லது என்னும் 65ஆம் பகுதியை மட்டும் நாம் ஏற்க முடியாது. கண்மாயில் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, யாருக்குப் போனது என்ற கணக்கு கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை