மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பற்றிய கட்டுரை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இந்தத் தவணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிரிட்டனை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். 'அமெரிக்காவைத் தொலைத்த பைத்தியக்கார ராஜா' என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது லண்டனில் வழக்கமாகிவிட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அரியணையில் இருந்தவருக்கு அது போதாது. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பிறந்த நாள் சில இடங்களில் 1738 மே 24 என்றும் வேறு சில இடங்களில் ஜூன் 4 என்றும் இருக்கும். பிரிட்டன் 1752இல்தான் பழைய நாட்காட்டியைக் கைவிட்டது. அந்த 11 நாள் வித்தியாசமே காரணம். ஜூன் 4 என்றே எழுதட்டும். 1760 அக்டோபரில் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு 22 வயது. அவருக்கு முன் ஆண்ட இரண்டாம் ஜார்ஜ் அவருடைய தாத்தா. தந்தை ஃபிரெடெரிக் 1751இலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது மன்னரே வரி போட்டதாக எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1765 முத்திரை வரியை விதித்தது நாடாளுமன்றம். மறு ஆண்டே அதை நீக்கியதும் நாடாளுமன்றம்தான். ஆனால் 1776 சுதந்திரப் பிரகடனம் குற்றச்சாட்டுகளை மன்னர்மீதே அடுக்கியது. போரை நிறுத்த அவர் கடைசிவரை மனம் ஒப்பவில்லை என்பதும் உண்மை. 1785இல் அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்ஸை நேரில் வரவேற்றவரும் அவரே. மூன்றும் கட்டுரையில் வரட்டும்.

நோயைப் பற்றிய பகுதியை எழுதும்போது தயவுசெய்து பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். 'பைத்தியம்' என்ற சொல் கட்டுரையில் வேண்டாம்; மனநோய் என்று எழுதினால் போதும். 1788இல் அவர் உறக்கமின்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். மருத்துவர் ஃபிரான்சிஸ் வில்லிஸ் அவரை நாற்காலியில் கட்டிவைத்தார்; கை அசைக்க முடியாத சட்டை மாட்டினார். தோலில் கொப்புளம் எழுப்பும் பற்றும் போட்டார்கள். நாட்டின் மன்னருக்கே அதுதான் அன்றைய சிகிச்சை! 1789 தொடக்கத்தில் தேறினார். 1960களில் இதை போர்ஃபிரியா என்ற இரத்தக் கோளாறு என்றார்கள். இப்போது பலர் இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்ற பக்கம் சாய்கிறார்கள். எதையும் முடிவாக எழுதாமல், 'கருதப்படுகிறது' என்று எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாலை தென் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள், நுழைவு இலவசம். கருவி செய்பவரான ஜார்ஜ் ஆடம்ஸ் மன்னருக்காகச் செய்த காற்றிறைக்கும் பம்பு அங்குள்ள மன்னரின் கருவித் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு உருளைகள், கைப்பிடி, மேலே கண்ணாடிக் குடுவை: இதைப் பிள்ளை தானே வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் உண்டு. அதே கட்டடத்தில், கப்பல்களில் நேரம் பிசகாமல் காட்டும் கடிகாரங்களைச் செய்த ஜான் ஹாரிசனின் ஐந்தாவது கடல் கடிகாரமும் உள்ளது. 1772இல் ரிச்மண்டிலிருந்த தம் வானாய்வகத்தில் மன்னர் அதைச் சோதிக்க வைத்தார். செயின்ட் பேங்க்ராஸில் பிரிட்டிஷ் நூலகத்தின் நடுவே நிற்கும் கண்ணாடிக் கோபுரத்தில் இருப்பவை அவர் சேர்த்த ஏறத்தாழ 65,000 நூல்கள்.

அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807 சட்டத்தை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. அதற்கு முன் அவர் ஆட்சியிலேயே அந்த வணிகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழித்தது.

இலங்கையைச் சேர்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கண்டி அரசைப் பிரிட்டனிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தம் இவர் காலத்தது என்றாலும், 1811 முதல் ஆட்சியை நடத்தியவர் மகன்தான். மன்னர் அப்போது பார்வையிழந்து வின்ட்சரில் இருந்தார். 1820 ஜனவரி 29 அன்று அங்கேயே காலமானார். முடியிழந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூரில் சிறைவைக்கப்பட்டார் என்பதையும் சேர்க்கலாம்.

கட்டுரை கையெழுத்தில், கோடிட்ட தாளில், தவணையின் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தைய வகுப்பில் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். இணையத்திலிருந்து அச்செடுத்து ஒட்டியவை திருப்பி அனுப்பப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்