போர் நடக்கும்போதே எடுத்த கடல் படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் கடல் சினிமாப் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரை எல்லோருக்கும் தெரிந்த நாலைந்து பெரிய படங்களோடு நின்றுவிட்டது. பழைய படம் சேர்ப்பவர்கள் தேடி அலைவது வேறு ரகம். யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாத நேரத்தில், போருக்கு நடுவே எடுத்த படங்கள் அவை.

1944-ல் வந்த ‘வெஸ்டர்ன் அப்ரோச்சஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்தில் தொழில்முறை நடிகர் ஒருவர்கூடக் கிடையாது, எல்லோரும் நிஜ மாலுமிகள். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கிறார்கள். காப்பாற்ற வரும் சரக்குக் கப்பலைப் பிடிக்க, ஜெர்மன் நீர்மூழ்கி அவர்களையே தூண்டில் இரையாக வைத்துக் காத்திருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று ஃபிலிம் ஓடுகிற அந்தக் காலத்து டெக்னிகலர் வண்ணக் கேமராவை, அதன் கனத்தோடு கடலுக்குக் கொண்டுபோய் ஜாக் கார்டிஃப் படம்பிடித்தார். வசனம் பேசும்போது மாலுமிகள் விறைப்பாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் துடுப்பைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிடுகிறார்கள்.

‘சான் டெமெட்ரியோ லண்டன்’ (1943) உண்மைக் கதை. 1940 நவம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் தீப்பிடித்த எண்ணெய்க் கப்பலை விட்டுப் படகில் தப்பியவர்களில் சிலர், மறுபடி அதே கப்பல் எரிந்தபடி மிதப்பதைப் பார்த்து, உள்ளே பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்தே ஏறித் தீயை அணைத்து ஊருக்கு ஓட்டி வந்தார்கள். கப்பலை மீட்டதற்கான பணத்தை நீதிமன்றமே அவர்களுக்கு வழங்கியது. இதையெல்லாம் கற்பனையில் எழுதியிருந்தால் நம்புவோமா?

சேகரிப்பில் இன்னொரு வேடிக்கை, பெயர். முதலில் சொன்ன படம் அமெரிக்காவில் ‘தி ரெய்டர்’. 1943-ன் ஹாலிவுட் படம் ‘கார்வெட் கே-225’ பிரிட்டனில் ‘தி நெல்சன் டச்’. விவரம் தெரியாதவர் ஒரே படத்தை இரண்டு தடவை வாங்கிவிடுவார், விவரம் தெரிந்தவரோ இரண்டு போஸ்டரும் வேண்டும் என்பதற்காகவே வாங்குவார்!

ஃபிலிம் சுருளே வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கால 35 மி.மீ. பிரதிகள் பெரும்பாலும் நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளில் செய்த ஃபிலிம், சட்டென்று பற்றிக்கொள்ளும், நாளானால் பிசுபிசுத்துப் பொடியாகும். வீட்டில் ஓட்ட, அந்த ஆபத்து இல்லாத 16 மி.மீ. தான் சரி.

அப்புறம், இத்தாலிப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். இயக்குநர் ரோசெல்லினியின் முதல் முழுநீளப் படமே 1941-ல் மருத்துவக் கப்பலை வைத்து எடுத்ததுதான், முசோலினி காலத்துப் பிரச்சாரம் என்றாலும் அதிலும் நடித்தவர்கள் நிஜக் கடற்படை ஆட்கள். அடுத்த கட்டுரையில் இவற்றுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்