லாரல் மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், நிக்கலஸ் ரே இயக்கத்தில் 1950இல் வெளியான 'இன் எ லோன்லி பிளேஸ்' என்னும் நுவார் வகைப் படமும் (குற்றமும் இருண்ட மனநிலையும் சூழ்ந்த கதைகளைச் சொல்லும் வகை) இடம்பெற்றிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், காதலியின் சந்தேகத்தால் ஒரு நல்லவனின் வாழ்வு கெட்ட கதை என்று கட்டுரையாளர் அதைச் சுருக்கியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஹம்ஃப்ரி போகார்ட் ஏற்று நடித்த டிக்ஸன் ஸ்டீல் என்ற திரைக்கதை எழுத்தாளன் மீது விழுந்த கொலைப்பழி பொய்யானது என்பது உண்மையே. ஆனால் அவனுடைய காதலி லாரலின் அச்சம் அந்த ஒரு கொலையோடு நிற்பதன்று. எதிர்வீட்டில் குடியிருக்கும் அவள்தான் தொடக்கத்தில் காவல் துறையினரிடம் அவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவள். பின்னர், சாலையில் வண்டிகள் உரசிக்கொண்டதற்காக ஓர் இளைஞனை நினைவிழக்கும்வரை அடித்துக் கல்லையும் ஓங்கிவிட்ட அவனை, அவளுடைய கூக்குரல்தான் தடுத்து நிறுத்துகிறது. அடிபட்டவனுக்குப் பெயரை மறைத்துப் பணம் அனுப்பும் அளவுக்கு இரக்கமுள்ள அதே மனிதன், தன் நலம் நாடும் முகவரையே பலர் முன்னிலையில் அறைகிறான். கொலிசியம் திரையரங்கில் கதாநாயகனின் கோபத்துக்கு விசிலடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் குற்றமாகவே படுவதில்லை போலும்! இத்தகையவனை மணக்கத் தயங்குபவளைச் சந்தேகப் பிராணி என்பது எவ்வகையில் நியாயம்?

டோரதி பி. ஹியூஸ் 1947இல் எழுதிய மூல நாவலில் டிக்ஸ் (டிக்ஸன்) உண்மையிலேயே பல பெண்களைக் கொன்றவன். எனவே அங்கே பெண்ணின் அச்சத்துக்கு விளக்கமே தேவையில்லை. திரைப்படமோ அவனை அக்கொலையிலிருந்து விடுவித்துவிட்டு, அப்படியானாலும் அவள் அவனோடு வாழ வேண்டுமா என்ற கடினமான கேள்வியை நம்முன் வைக்கிறது. அவன் லாரலைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுவதாக முதலில் படமாக்கப்பட்ட முடிவையும் ரே கைவிட்டார். படத்தில் இப்போதுள்ள முடிவில், அவன் கைகள் அவள் கழுத்தில் இறுகும்போது தொலைபேசி ஒலிக்கிறது. உண்மைக் கொலையாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்ற செய்தி வருகிறது. முந்தைய நாள் வந்திருந்தால் இருவரையும் வாழவைத்திருக்கக்கூடிய அச்செய்தி, அந்நேரத்தில் எதற்கும் பயன்படாமல் போகிறது. அதைக் கேட்கும்போது லாரலாக நடித்த குளோரியா கிரஹாமின் முகம் காட்டும் களைப்பு, நடிப்பு என்றே தோன்றாது. (அவரும் ரேயும் கணவன் மனைவி என்பதும், படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே அவர்கள் பிரிந்துகொண்டிருந்தனர் என்பதும் கட்டுரையில் விடுபட்டுள்ளன.)

தொடரின் அடுத்த பகுதிகளில், எஸ். பாலசந்தர் ஒரு பாடல்கூட இல்லாமல் 1954இல் இயக்கிய 'அந்த நாள்' படத்தையும் எடுத்துக்கொள்ளுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கணவனை நேசித்தபடியே அவனுக்கு எதிராக நிற்க நேர்ந்த உஷாவைப் பற்றி எழுதும்போதாவது, அவளுக்குரிய நியாயத்தையும் அவர் கருத்தில் கொள்வார் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.