ஒரே இரவு என்று எழுதிவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். 'ஒரே இரவில் உலகப் புகழ்' என்று தலைப்புப் போட்டதில்தான் எனக்கு வருத்தம்.

'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் அவர் பாடியது 2009 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பானது. வயது 47 என்றதும் கூட்டம் சிரித்தது, முதல் வரியிலேயே கைதட்டல் எழுந்தது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் கிளாஸ்கோவில் அவர் அந்த மேடை ஏறியது ஜனவரியில். உங்கள் 'ஒரே இரவு' வீடு வந்து சேரவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருக்கிறது!

அதற்கும் முன்னால் 1995இல் வேறொரு தொலைக்காட்சித் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். 1999இல் உள்ளூர்க்காரர்கள் நிதி திரட்ட வெளியிட்ட ஒரு சிடியில் பாடினார். மொத்தமே 1,000 பிரதிகள். முறையாகப் பாட்டு வகுப்புக்கும் போயிருக்கிறார், கோவில் (சர்ச்) பாடகர் குழுவிலும் இருந்திருக்கிறார். வயதான அம்மாவை வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டார். 2007இல் அம்மா இறந்தார். 2009 போட்டியின் இறுதிச் சுற்றில் இரண்டாம் இடம்தான், ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே பிரிட்டனில் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பாடகர் குழு என்றதும் எங்கள் குழுவில் பாடும் அக்கா ஒருவரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். நான் கருங்கல் பக்கம் ஒரு கோவிலில் கீபோர்டு வாசிக்கிறவன். அக்காவுக்கு 50 தாண்டிவிட்டது. வாரம் முழுக்க அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை. கறை படிந்த விரலால்தான் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். கட்டுரையைப் படித்த கையோடு, சனிக்கிழமை பயிற்சி முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது அந்த வீடியோவை என் போனில் போட்டுக் காட்டினேன். பையன்களெல்லாம் நடுவர்கள் வாய்பிளந்த இடத்தில் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மேல போறதுக்கு முன்னால மூச்சு எங்க எடுத்தான்னே தெரியல, பாத்தியா?" என்றார். இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு, "நடுவர் மூஞ்சியக் காட்டாம, அவ பாடுறத மட்டும் காட்டுறது இல்லியா தம்பி?" என்று கேட்டார்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டுக்காரன்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.