27-இல் 24 கிடைத்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

பொருளாதாரம் சரிந்த நாட்டுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை கொண்ட அரசே மருந்து என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் நியூஃபவுண்ட்லாந்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இன்று கனடாவின் மாகாணமாக இருக்கும் அது, அன்று பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற தனி நாடு (டொமினியன்). 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் மீன் விலை வீழ்ந்தது. முதல் உலகப் போர்க் கடனும் ரயில்வே கடனும் கழுத்தை நெரித்தன. 1932 ஏப்ரலில் கொதித்தெழுந்த கூட்டம் சட்டமன்றக் கட்டடத்தைச் சூறையாட, பிரதமர் ஸ்குவையர்ஸ் தப்பியோடினார். ஜூன் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஆல்டர்டைஸின் கட்சிக்கு 27 இடங்களில் 24!

அதை வைத்து அவர் என்ன செய்தார்? சட்டமன்றத்துக்குப் பதிலாக நியமன ஆணையம் ஆளும் ஆணைய ஆட்சி என்ற பேச்சு வந்தால் மக்களைக் கேட்டே முடிவு என்று தேர்தலில் சொன்னவர், 1933 இறுதியில் யாரையும் கேட்காமல் சட்டமன்றத்தையே முடக்க இசைந்தார். தடுக்க எதிர்வரிசையில் ஆள் ஏது? கடன் கொடுத்தவர்களுக்கு நிம்மதி கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1934 பிப்ரவரி முதல் லண்டன் நியமித்த ஆணையம் ஆண்டது. 1949-இல் கனடாவில் இணையும் வரை அங்கே சட்டமன்றத் தேர்தலே நடக்கவில்லை.

- ஒரு வாசகர், கும்பகோணம்