கார்டின் பின்பக்கம்

அன்புள்ள அம்மு,

நேற்று ராத்திரி போனில் பேசும்போது, நிஷி கசாயை விட்டுக் கவாசாகிக்கு வீடு மாறி மூன்று வாரம் ஆகிவிட்டது என்று சொன்னாய். ஆபீஸ் பக்கம், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது என்றெல்லாம் நீ சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வார்டு ஆபீசில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "வேலை அதிகம்பா, அடுத்த மாசம் லீவு போட்டுப் போறேன்" என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் வேண்டாம் அம்மு. இந்த வாரமே போ. அரை நாள் லீவு கேள். ஜப்பானில் வீடு மாறுவதற்காக அரை நாள் லீவு கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அது அங்கே எல்லோரும் செய்கிற காரியம்.

புது வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து 14 நாளுக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் ரெசிடென்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டவருக்குத் தருகிற அடையாள அட்டையை, கொடுத்து முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். உனக்கு அந்த 14 நாள் தாண்டிவிட்டது. தாண்டினால் 2 லட்சம் யென் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் என் பயம் அபராதத்தைப் பற்றியது இல்லை. பழைய முகவரியை விட்டு வந்து 90 நாள் வரை, தக்க காரணம் இல்லாமல் புது முகவரியைச் சொல்லாமல் இருந்தால், தங்கும் அனுமதியையே ரத்து செய்யலாம். இன்றைக்கு மூன்று வாரம். அடுத்த மாதம் என்று நீ சொல்கிற நாள் வரும்போது அது ஆறு வாரம், ஏழு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் ஒரு புராஜெக்ட், ஒரு காய்ச்சல், ஒரு நீண்ட விடுமுறை. 90 நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நிஷி கசாய் இருக்கிற எதோகாவா வார்டிலிருந்து வேறு ஊரான கவாசாகிக்குப் போனதால் உனக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒரே ஊருக்குள் மாறியிருந்தால் ஒரு படிவத்தோடு முடிந்திருக்கும். இப்போது முதலில் எதோகாவா வார்டு ஆபீசில் 'தென்ஷுட்சு' கொடுக்க வேண்டும், அதாவது இங்கிருந்து போகிறேன் என்று. அங்கே தருகிற சான்றிதழை எடுத்துக்கொண்டு கவாசாகியில் உன் வார்டு ஆபீசுக்குப் போய் 'தென்ன்யூ' கொடுக்க வேண்டும், இங்கே வந்துவிட்டேன் என்று. முதல் வேலையைத் தபாலிலும் செய்யலாம், ஆனால் தபால் போய் வர நாளாகும். நேரில் போவதே நல்லது. காலையில் எதோகாவா, மத்தியானம் கவாசாகி என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ரெசிடென்ஸ் கார்டு, மை நம்பர் கார்டு, பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துப் போ. அந்த நாட்டு அடையாள எண் அட்டையான மை நம்பர் கார்டிலும் முகவரி மாற வேண்டும், அதை மறந்துவிடாதே.

இப்போது எழுதப்போவதைக் கவனமாகப் படி. கவுண்டரில் எந்தத் தேதியில் குடிவந்தாய் என்று கேட்பார்கள். படிவத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கிறது. போன வாரம்தான் வந்தேன் என்று எழுதிவிட்டால் 14 நாளுக்குள் அடங்கிவிடுமே என்று மனசு சொல்லும். கூட வேலை செய்கிறவர்கள்கூட அப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதாதே. தாமதமாகச் சொல்வதற்கு அந்தச் சட்டம் அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. பொய்யாகச் சொல்வதற்கு ஒரு வருடம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் உண்மைத் தேதி இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷனிலும் இருக்கிறது. உள்ளபடி எழுதி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேள். காரணம் எழுதித் தரச் சொன்னால் எழுதிக் கொடு. கவுண்டரில் இருப்பவர்கள் பொறுமையாகத்தான் பேசுவார்கள்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றும். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1996ல் கம்பெனி என்னை யோகோஹாமாவுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். முதலில் கம்பெனி விடுதியில் இருந்தேன். அப்புறம் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வேறு வார்டில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். அப்போதும் 14 நாள் விதிதான். நானும் உன்னைப் போலவே அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஐந்து மாதத்தைக் கடத்திவிட்டேன். குளிர்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ரோந்து போலீஸ்காரர் நிறுத்தினார். அங்கே சைக்கிளுக்குப் பதிவு எண் உண்டு, ராத்திரியில் நிறுத்திச் சரிபார்ப்பது சாதாரணம். அந்த சைக்கிள் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு நண்பன் விட்டுப்போனது, பதிவு அவன் பெயரில் இருந்தது. கார்டைக் கேட்டார், கொடுத்தேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார், புது வீட்டைச் சொன்னேன். கார்டில் இருந்தது பழைய விடுதி. எனக்கு ஜப்பானிய மொழி அவ்வளவாக வராது. கோபான் என்கிற சின்னப் போலீஸ் சாவடிக்குக் கூட்டிப்போனார்கள். விடுதிக்குப் போன் செய்தார்கள். அவர் இங்கிருந்து போய் ஐந்து மாதம் ஆகிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

யாரும் என்னை மிரட்டவில்லை. டீ கூடக் கொடுத்தார்கள். ஆனால் நான் சொன்ன எதையும் அவர்களால் சரிபார்க்க முடியவில்லை. சைக்கிள் என்னுடையது இல்லை, கார்டில் இருக்கும் வீட்டில் நான் இல்லை, நான் இருக்கும் வீட்டில் என் பெயர் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் செக்‌ஷன் தலைவர் டாக்சி பிடித்து வந்தார். என்னைவிட இருபது வயது பெரியவர். உள்ளே வந்ததும் அந்த இளம் போலீஸ்காரரிடம் எனக்காகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை இல்லை, நான்கைந்து தடவை. வெளியே வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "குளிராக இருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷர் குனிந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மறுநாள் காலையில் அவரே எனக்கு லீவு கொடுத்து வார்டு ஆபீசுக்கு அனுப்பினார்.

அந்தக் காலத்துக் கார்டே வேறு. ஏலியன் கார்டு என்று சொல்வோம். அதற்கு இடது கை ஆள்காட்டி விரல் ரேகை வாங்கினார்கள். ரேகை வைத்த அன்று மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள் 1980களில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடினார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள். அதன் பிறகுதான் 1993ல் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும், 2000ல் எல்லோருக்கும் அந்தப் பதிவில் ரேகை வாங்குவது நின்றது. 2007ல் விமான நிலையத்தில் ரேகை எடுப்பது வந்தது, அதுதான் நீ நரிதாவில் இறங்கியபோது கொடுத்தது. வெளிநாட்டவர் என்றாலே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற சட்டங்கள் இருக்கின்றன, அது உண்மை. உன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் இந்த முகவரி விஷயத்தை அதோடு சேர்க்காதே. 2012 ஜூலை 9ஆம் தேதி பழைய முறையை எடுத்துவிட்டு, வெளிநாட்டவரையும் ஜப்பானியர்கள் இருக்கிற அதே குடியிருப்போர் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதற்கு முன் ஒரு ஜப்பானியப் பெண் நம் ஊர் ஆளைக் கல்யாணம் செய்திருந்தால், அவள் வீட்டு 'ஜூமின்ஹ்யோ'வில், அதாவது அந்தப் பதிவேட்டின் நகலில், கணவன் பெயர் வராது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவன் வேறு புத்தகம். இப்போது நீயும் உன் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே புத்தகம். 14 நாள் விதி அவருக்கும் உண்டு, தவறினால் அவருக்கும் அபராதம் உண்டு.

அந்தப் புத்தகத்தில் சரியான இடத்தில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்டால், 2020ஐ நினைத்துப் பார். கொரோனா சமயத்தில் ஆளுக்கு 1 லட்சம் யென் கொடுத்தார்கள். ஏப்ரல் 27 அன்று பதிவேட்டில் பெயர் இருந்த எல்லோருக்கும், வெளிநாட்டவரையும் சேர்த்து. விண்ணப்பம் பதிவேட்டில் இருந்த முகவரிக்குத்தான் தபாலில் போனது. அடுத்த வருடம் தடுப்பூசிச் சீட்டும் அப்படியே போனது. குடியிருப்பு வரியும் ஜனவரி 1 அன்று எந்த ஊர்ப் பதிவில் இருக்கிறாயோ அந்த ஊரிலிருந்துதான் வரும். நீ அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்போது வரி, பென்ஷன், காப்பீட்டோடு, இந்த மாதிரி அறிவிப்புகளை ஒழுங்காகக் கொடுத்தாயா என்பதையும் பார்ப்பார்கள்.

இன்னும் சில விஷயங்கள். வேலை மாறினால் அதையும் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆனால் வார்டு ஆபீசில் இல்லை, குடிவரவுத் துறையில். ஆன்லைனிலேயே கொடுக்கலாம். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே. கம்பெனி கொடுப்பது அவர்கள் கணக்கு, உன் பங்கை நீதான் கொடுக்க வேண்டும். கார்டு எப்போதும் கையில் இருக்கட்டும். கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். வார இறுதியில் பை மாற்றும்போதுதான் கார்டு வீட்டில் தங்கிவிடும், அதைப் பார்த்துக்கொள். தொலைந்துவிட்டால் முதலில் கோபானில் புகார் கொடு, பிறகு 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் புதுக் கார்டுக்கு விண்ணப்பி. எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட கார்டு எண்ணைத் தனியாக ஒரு இடத்தில் எழுதி வை. யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கிய தோழியாக இருந்தாலும், உன் கார்டையோ உன் முகவரியையோ அவர்கள் பதிவுக்குக் கடன் கொடுக்காதே. டோக்கியோவில் நம் தூதரகத்திலும் உன் விவரத்தைப் பதிந்து வை. நில நடுக்கம் வருகிற நாடு அது. அந்த நாளில் உன்னைத் தேடுகிறவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீ நரிதாவில் இறங்கிய அன்று வீடியோ காலில் கார்டைக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? முன்பக்கம் உன் போட்டோ, என் பெயர், பிறகு உன் பெயர். முகவரிக் கட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை என்று அச்சடித்திருந்தது. திருப்பிக் காட்டினாய், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சொன்ன தேதி, முகவரி, பதிந்தவர் முத்திரை என்று கட்டங்கள் மட்டும். நாலு நாள் கழித்து எதோகாவாவில் முதல் வரியை எழுதி வாங்கி வந்து மறுபடி காட்டினாய். அம்மா அந்த எழுத்துகளைப் பார்த்து, பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அழுதாள்.

நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டதால், ஆபீசில் எல்லோரும் உன்னை என் பெயரோடு மரியாதைக்கான 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன் என்றாய். யோகோஹாமாவில் என்னை உன் தாத்தா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தன் ஊர் எல்லையைத் தாண்டாத மனிதர் அவர். கோபானில் அன்று ராத்திரி அந்தப் போலீஸ்காரர் கார்டைப் பார்த்து முதலில் வாசித்தது அவர் பெயரைத்தான். நாளைக்கு உன் கார்டை யார் வாங்கிப் பார்த்தாலும் முதலில் என் பெயரை வாசிப்பார்கள். பின்பக்கம் திருப்பினால் நீ இருக்கிற வீடு இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று கவரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புது முகவரி என்னிடம் இல்லை. நிஷி கசாய் முகவரியையே எழுதியிருக்கிறேன். அங்கே தபால் நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தால் ஒரு வருடத்துக்குப் பழைய முகவரித் தபாலைக் காசில்லாமல் புது வீட்டுக்கு அனுப்புவார்கள். அதைக் கொடுத்தாயா என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உன் போனுக்கும் அனுப்புகிறேன். வார்டு ஆபீசிலிருந்து வெளியே வந்ததும் எனக்குப் போன் செய். இங்கே மணி என்ன என்று பார்க்காதே.

உன்,
அப்பா