பழைய ஹாலிவுட் பட ரசிகர் மன்றம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜையன்று புரொஜெக்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி கடலை வழங்கப்பட்டது. பெட்டி டேவிஸா, ஜோன் கிராஃபோர்டா என்ற பட்டிமன்றம் ஆடி மாதத்தில் நடந்தது. நடுவர் தீர்ப்பு டேவிஸ் பக்கம். கறுப்பு வெள்ளைப் படமான ‘காசாபிளாங்கா’வுக்கு வண்ணம் ஏற்றிய பிரதியைத் திரையிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. நடிகர் ஜீன் ஹேக்மன் மறைவுக்கு மார்ச் கூட்டத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டு மூன்று பெரிய நாட்கள் வந்தன. முதலாவது, ஏப்ரல் 3, மார்லன் பிராண்டோ நூற்றாண்டு. அன்று ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ திரையிட்டோம். நாம் படம் போடும் தட்டச்சுக் கூடத்து மாடி கொள்ளவில்லை. படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்ததும் பேச வந்தவர்கள் எல்லோரும் பிராண்டோவைப் பற்றியே பேசினார்கள். அந்த டாக்ஸிக் காட்சியைப் பற்றி மட்டும் ஆறேழு பேர் பேசியிருப்பார்கள். ஆனால் அந்த டாக்ஸியில் பிராண்டோவின் அண்ணனாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராட் ஸ்டைகரின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தக் காட்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அண்ணன் துப்பாக்கியை நீட்டுகிறான். தம்பி கோபப்படாமல், அதைக் கையால் மெல்ல ஒதுக்குகிறான். அதற்குப் பிறகு நடப்பதில் பாதி ஸ்டைகரின் முகத்தில்தான் நடக்கிறது. தான் தம்பிக்கு என்ன செய்துவிட்டோம் என்று அந்த மனிதனுக்குப் புரிகிற நேரம், முகம் தளர்ந்து, உடம்பு இருக்கையில் பின்னால் சாய்கிறது. கடைசியில், இது உனக்குத் தேவைப்படும் என்று துப்பாக்கியைத் தம்பியிடமே கொடுத்துவிடுகிறான். தன் முகத்தை அருகில் வைத்துப் படமெடுத்தபோது பிராண்டோ எதிரே இருக்காமல் கிளம்பிவிட்டார் என்றும், அவருடைய வசனத்தை வேறொருவர் வாசிக்கத் தான் நடிக்க வேண்டியிருந்தது என்றும் ஸ்டைகர் பின்னாளில் மனக்குறையோடு சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கருக்கு மூன்று பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள்: ஸ்டைகர், லீ ஜே. காப், கார்ல் மால்டன். விருது மூவருக்குமே கிடைக்கவில்லை. வேறொரு படத்தில் நடித்த எட்மண்ட் ஓ'பிரையனுக்குப் போனது.

அன்றிரவே தலைவர் ஐயாவிடம் என் விருப்பத்தைச் சொன்னேன்: இந்த ஆண்டு மாதத்தின் நான்காம் சனிக்கிழமையைத் துணை நடிகர்களுக்கு ஒதுக்க வேண்டும். “ஏம்ப்பா, அவங்களுக்குன்னு ஒரு சாயங்காலம் போட்டா ஆள் வருமா?” என்று கேட்டார். வர வைப்பது என் பொறுப்பு என்றேன். அனுமதி கொடுத்தார், அதற்கு அவருக்கு என் நன்றி.

இரண்டாவது பெரிய நாள் ஜூலை 4. அதே படத்தில் அறிமுகமாகிச் சிறந்த துணை நடிகை விருது பெற்ற ஈவா மேரி செயின்ட் அன்று நூறு வயதை நிறைவு செய்தார். கதாநாயகிக்குத் துணை நடிகை விருது எப்படிப் பொருந்தும் என்று நல்ல வாக்குவாதம் நடந்தது. பூங்காவில் நடக்கும்போது அவர் தவறவிட்ட கையுறையைப் பிராண்டோ எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொள்ளும் இடத்தை இரண்டு முறை போட்டுக் காட்டினேன். கையுறையைத் திரும்ப வாங்க நினைத்தும் கேட்க முடியாமல் தவிக்கும் அந்தப் பெண் இல்லையென்றால் பிராண்டோ செய்ததற்கு மதிப்பே இருக்காது என்று நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொன்னார். ஆண்டு முழுவதும் நான் கேட்ட கருத்துகளில் இதுவே ஆகச் சிறந்தது என்று பதிவு செய்ய விரும்புகிறேன்.

மூன்றாவது, செப்டம்பர் 16, லாரன் பகால் நூற்றாண்டு. ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’ திரையிடப்பட்டது. பத்தொன்பது வயதுப் பெண், நடுக்கத்தை அடக்க மோவாயைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அதுவே அவருடைய முத்திரையாகிவிட்டது. கூட்டம் அன்றும் நிறைய. அதே படத்தில் குடிகாரக் கூட்டாளியாக வரும் வால்டர் பிரென்னன் மூன்று முறை துணை நடிகர் ஆஸ்கர் வாங்கியவர் என்று அறிவித்து, அவருடைய படம் வரும் நான்காம் சனிக்கிழமை என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் பதினோரு பேர். புரொஜெக்டர் விளக்கும் அன்றுதான் பாதியில் போனது. மீதிப் படத்தை என் மடிக்கணினித் திரையில் பார்த்தோம். பதினோரு பேரும் கடைசிவரை இருந்தார்கள்.

துணை நடிகர் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது செயலாளரின் தனிப்பட்ட ஆசை, மன்றத்தின் வேலையல்ல என்று செயற்குழுவிலேயே ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கும் ஆங்கிலப் படப் பழக்கம் ரீகல் டாக்கீஸில் தொடங்கியது. அது இருந்த விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலெல்லாம் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் ஆங்கிலப் படம். சுவரொட்டியில் இரண்டு பெயர் பெரிதாக இருக்கும். அந்த இரண்டு பெயரைத்தான் நாம் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் நட்சத்திரங்களை மட்டும் வைத்துப் படம் எடுக்கவில்லை. மாதச் சம்பளக்காரர்கள் போல ஒப்பந்தத்தில் வைத்திருந்த நடிகர்கள், காலையில் ஒரு படத்தில் நீதிபதி, மாலையில் இன்னொன்றில் பட்லர் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். தாமஸ் மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 என்ற ஒரே ஆண்டில் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தின் குடிகார டாக்டர், ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் ஸ்கார்லெட்டின் அப்பா, ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தின் பத்திரிகைக்காரர், இவை போக இன்னும் இரண்டு படங்கள். ஐந்து படத்திலும் அது ஒரே ஆள் என்று நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

‘காசாபிளாங்கா’ மாலையில் ஒரு வேலை செய்தோம். ஜெர்மானியர்களின் பாட்டை அமுக்கி ஃபிரெஞ்சு தேசிய கீதம் எழும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கிட்டாரோடு பாடும் பெண்ணையும், கண்ணீர் வழியப் பாடும் இளம்பெண்ணையும் முகம் முகமாகக் காட்டினேன். கண்ணீர்விட்டவர் மடலீன் லெபோ. உண்மையிலேயே ஃபிரான்ஸிலிருந்து தப்பி வந்தவர். சூதாட்ட மேசைக்காரராக வரும் மார்செல் டாலியோ அப்போது அவருடைய கணவர். ஃபிரான்ஸில் பெரிய படங்களில் நடித்துவிட்டு இங்கே இரண்டு வரி வசனத்துக்கு வந்து நின்றவர். நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வெய்ட்டே நாஜிகளை வெறுத்து ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். படம் 1942இல் வந்தது. அவர்கள் பாடியபோது பாரிஸ் இன்னும் எதிரி கையில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்த பிறகு கதாநாயகன் போகார்ட்டும் நாயகி பெர்க்மனும் எனக்குக் குறைந்துபோகவில்லை, படம்தான் பெரிதாகிவிட்டது.

தெல்மா ரிட்டர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறைகூட ஆஸ்கர் வாங்காதவர். அவருக்காக ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ போட்டோம். கழுத்துப்பட்டை விற்றும் போலீசுக்குத் தகவல் விற்றும் பிழைக்கும் கிழவி. அநாதைப் பிணமாகப் புதைக்கப்படக் கூடாது, கௌரவமான சவ அடக்கம் வேண்டும் என்று காசு சேர்ப்பவள். கொலைகாரன் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது அவள் கெஞ்சவில்லை. ரொம்பக் களைத்துப்போய்விட்டேன், சுட்டால் எனக்கு உபகாரம் என்கிறாள். கேமரா அவளை விட்டு கிராமபோன் பக்கம் போகிறது. இசைத்தட்டு ஓடி முடிகிற நேரத்தில் வெடிச்சத்தம். அன்று மாடியில் ஒன்பது பேர் இருந்தோம்.

ஹாட்டி மெக்டானியல் மாலைக்கு ஆறு பேர். ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின நடிகர் அவர். 1940 பிப்ரவரியில் விருது விழா நடந்த ஓட்டலில் அவரைப் படக்குழுவோடு உட்காரவிடாமல் சுவரோரம் தனி மேசை போட்டார்கள். அட்லாண்டாவில் நடந்த அந்தப் படத்தின் முதல் காட்சிக்கும் அவர் போக முடியவில்லை. துணை நடிகர்களுக்கு அந்நாளில் சிலை கிடையாது, தகடுதான். அவருடைய தகடு காணாமல் போய், 2023இல்தான் ஆஸ்கர் அகாடமி ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாற்று ஒன்றைக் கொடுத்தது. இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி நகல் எடுத்து வைத்திருந்தேன். பெரும்பாலான நகல்கள் அலமாரியில் இருக்கின்றன. வேண்டுவோர் இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டம் சேர்ந்தது ஒரு மாலைக்கு மட்டும். ‘மேக் வே ஃபார் டுமாரோ’, 1937. உறுப்பினர்கள் வீட்டாரையும் அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தேன். வீடு பாங்குக் கடனில் போய்விட, ஐந்து பிள்ளைகளில் ஒருவரும் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள முன்வராததால் அப்பா ஓரிடம், அம்மா ஓரிடம் என்று பிரிக்கப்படும் கதை. அம்மாவாக நடித்த பியூலா பாண்டிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மருமகள் வீட்டில் பிரிட்ஜ் சீட்டாட்ட வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கணவரிடமிருந்து போன் வருகிறது. போன் பேசிப் பழகாதவர், அதனால் உரக்கப் பேசுகிறார். சீட்டுக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் முகம் சுளிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சீட்டைப் பார்க்கவும் முடியாமல், அவரைப் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருளாளரின் தாயார் வாய்விட்டு அழுதார். அந்தப் படத்துக்குப் பாண்டிக்குப் பரிந்துரைகூட இல்லை. அந்த ஆண்டு வேறு படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் லியோ மெக்கேரி, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நான்கு படங்களில் அம்மாவாக நடித்தவரும் இதே பாண்டிதான் என்று சொன்னபோது, ஸ்டூவர்ட்டின் தீவிர ரசிகர்கள் மூன்று பேர் அன்றுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

நண்பர்களே, இனி என் வருத்தத்தைச் சொல்கிறேன். கேரி கிராண்டா, ஸ்டூவர்ட்டா என்று டீக்கடை வாசலில் பத்து மணிவரை சண்டை போடும் அண்ணன்மார்கள், அந்த இருவரும் நடித்த படத்தை மாடியில் போட்டால் வருவதில்லை. பார்த்து முப்பது ஆண்டுகளான படத்துக்கு இன்று தீர்ப்பு சொல்கிறார்கள். கருத்துச் சொல்வதுதான் நம் மன்றத்தின் உயிர்; அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விவாதத்தில் பேசுகிறவர் அந்தப் படத்தை அதே ஆண்டில் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை இப்பொதுக்குழு நிறைவேற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா விஷயம். பெயரேட்டில் 64 பேர் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். மார்ச் கடைசியில் முழுவதும் கட்டியிருந்தவர்கள் 29 பேர். சிலருக்கு இரண்டாண்டு பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கட்டிய 29 பேரில் பதினாறு பேர் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் மாடி வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஏறக்குறையச் சரியாகிவிட்டன. புரொஜெக்டர் விளக்கு எதிர்பாராத செலவு. நகல் எடுத்த செலவை நான் மன்றக் கணக்கில் சேர்க்கவில்லை. கையிருப்பு சிறிதளவு உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார்.

மாடி கொடுத்த தட்டச்சுக் கூட உரிமையாளருக்கும், மழை நாளிலும் நாற்காலி போட்டுக் கொடுத்த இரண்டு இளைஞர்களுக்கும், டீ கொண்டுவந்து கொடுத்த கடைக்காரத் தம்பிக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை இருக்கிறது. அதைக் கடந்த படங்களை மட்டுமே திரையிடுவது என்ற நம் வழக்கம் தொடரும். 2025இல் 1964 வரை வந்த படங்கள் நமக்குக் கிடைக்கின்றன. துணை நடிகர் வரிசையின் இரண்டாம் பகுதிக்குக் க்ளாட் ரெயின்ஸ், ஆக்னஸ் மூர்ஹெட், பீட்டர் லாரி, சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் ஆகியோரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். கிரீன்ஸ்ட்ரீட் முதல் படத்தில் நடித்தபோது அறுபதைத் தாண்டியவர் என்பது நம் மூத்தவர்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால், பதிவேடுகளையும் சாவியையும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டும் என்பது பொதுக்குழுவின் விருப்பமானால், நான்காம் சனிக்கிழமைகளில் தவறாமல் வர முப்பது பேராவது இன்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதற்கான தாள் பொருளாளரின் மேசையில் ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். வரிசையின் அடுத்த படம் ‘நொட்டோரியஸ்’, ரெயின்ஸ் நடித்தது. மாலை 6 மணிக்குத் தொடங்கும்.

இப்படிக்கு,
செயலாளர்